பெயர்த்தலும் இடங்கொடுத்தலும்

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர்த் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் அமர்ந்திருந்தோம். முன்னொரு காலத்தில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். இப்பொழுது அவர் மூன்று மக்களின் தந்தை. கொழும்பு மாளிகாவத்தையில் வாடகை வீட்டில் குடியிருப்பவர். கையில் தடித்த கோவை ஒன்று இருந்தது. வாக்காளர் இடாப்பின் பிரதிகள், வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல்கள், நீர்ப் பட்டியல்கள் என்று ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். இளைய மகனை முதலாந் தரத்தில் சேர்ப்பதற்காகத் திரட்டிய ஆவணங்கள் அவை. கறுவாத்தோட்டத்துப் பெரிய பாடசாலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். வீட்டுக்கும் அப்பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருக்கின்றன என்று புள்ளிகள் கழிக்கப்பட்டன. பட்டியலில் பிள்ளையின் பெயர் வரவில்லை.

சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் கேட்டார்: "ஹஸரத், அந்தப் பக்கத்தில் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு பெரிய நிலம் இருக்கிறது! அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த இடத்தில் நாலைந்து பாடசாலைகளைக் கட்டினால் எங்கள் பிள்ளைகள் இப்படி அலைய வேண்டுமா? இருபது வயதுப் பிள்ளை பஸ் ஏறிப் போகும். ஆறு வயதுப் பிள்ளை போகுமா?"

கேள்வி நியாயமானது என்றே நமக்கும் அப்பொழுது தோன்றிற்று. "நீங்கள் சொல்வது சரிதான்" என்று கூறி அவரை அனுப்பி வைத்தோம். ஆயினும் அவர் போன பின்னர் அக்கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. விரைந்து சொன்ன மறுமொழி சரிதானா என்று பல நாட்கள் எண்ணிப் பார்த்தோம். எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் அதன் முழு வலிமையோடும் எடுத்துரைப்பதே முறை. எழுத்தறிவு என்பது எவருக்கும் மறுக்கலாகாத ஒன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்து, மீட்புப் பணம் கொடுக்க இயலாதிருந்தோர், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த வரலாற்றை நாம் அறிவோம். போர்க் கைதியையும் ஆசிரியனாக்கிய மார்க்கம் நம்முடையது. பல்கலைக்கழகத்துள் நுழைவோர் ஒரு நாட்டில் சிலரே; பாடசாலையோ எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. சிலருடைய உயர்வைவிட எல்லோருடைய அடிப்படை முந்தியதன்றோ? மாடிக்கு முன் அத்திவாரம் அன்றோ? இவ்வாறு வாதிடுவாருக்கு மறுமொழி கூறுதல் எளிதன்று.

நம் மத்ரஸா வழக்கில் இதனை ஃபர்ளு ஐன், ஃபர்ளு கிஃபாயா என்னும் பாகுபாட்டால் விளக்குவதுண்டு. ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமையானது முன்னது. ஊரில் போதிய அளவினர் நிறைவேற்றினால் ஏனையோர் மீதிருந்து நீங்கிவிடும் கடமை பின்னது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயாவின் வகையில் சேர்த்துள்ளார்கள். எல்லோரும் சட்ட வாதங்களைக் கற்பதிலேயே முண்டியடிக்க, ஒரு முஸ்லிம் மருத்துவரும் இல்லாத ஊர்கள் எத்தனை என்று அவர்கள் அங்கே வருந்தியுமிருக்கின்றார்கள். இப்பாகுபாட்டை இங்கே பொருத்தினால் பாடசாலைக் கல்வி ஐன் போன்றது. பல்கலைக்கழகக் கல்வி கிஃபாயா போன்றது. ஐன் முந்தியது; ஆதலின் நிலமும் பாடசாலைக்கே என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் விஷயம் அத்துணை எளிதாக முடியவில்லை. கஸ்ஸாலி இமாமின் ஆசிரியராகிய இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்கள் வேறொரு கருத்தைக் கூறினார்கள். ஃபர்ளு ஐனை நிறைவேற்றுபவன் தன் ஒருவன் மீதுள்ள பொறுப்பையே நீக்கிக் கொள்கின்றான். ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்றுபவனோ ஊரார் அனைவர் மீதிருந்தும் குற்றத்தை நீக்குகின்றான். ஆகவே ஒரு வகையில் இவன் செயலே சிறந்தது என்பது அவர்கள் வாதம். பின்வந்த அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் இதில் ஓர் உண்மை தங்கியிருக்கின்றது. முதலாந் தரத்துப் பிள்ளைக்கு 'அ' எழுதக் கற்பிக்கும் ஆசிரியை எங்கிருந்து வருகின்றார்? அப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து கொடுக்கும் மருத்துவர் எங்கே கற்றார்? ஊற்று அடைபட்டால் வாய்க்காலில் நீர் வாராது. ஆகவே "எது பெரிது?" என்னும் கேள்வியினால் இவ்வழக்கைத் தீர்க்க முடியாது என்று தெளிந்தோம். வேறொரு கேள்வியைத் தேட வேண்டியதாயிற்று.

அக்கேள்வியை நமக்குக் காட்டித் தந்தது மஸ்ஜிதுன் நபவியின் வரலாறு.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்தபொழுது, அவர்களுடைய ஒட்டகம் மண்டியிட்ட இடம் பேரீச்சம்பழம் உலர்த்தும் ஒரு களம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அவ்விடத்தைப் பள்ளிவாசலுக்காக விலைக்குக் கேட்டார்கள். சிறுவர்களோ, "விலை வேண்டாம், அன்பளிப்பாகவே தருகின்றோம்" என்றனர். நாயகம் அவர்கள் அதனை அன்பளிப்பாக ஏற்க மறுத்து, விலைக்கே வாங்கினார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பின்னர் அந்தப் பள்ளிவாசலின் ஓரத்திலே தான் ஸுஃப்பா என்னும் திண்ணை அமைந்தது. வீடு வாசலற்ற தோழர்கள் அங்கே தங்கிக் கல்வி கற்றனர். உயர்கல்வியின் முதல் திண்ணை என்று அதனைக் கூறுதல் தகும்.

இந்நிகழ்ச்சியைச் சிறிது நின்று நோக்க வேண்டும். அதைவிட உயர்ந்த நோக்கம் ஒன்று உலகில் உண்டா? கேட்டவரைவிடச் சிறந்தவர் உண்டா? கொடுப்பவர்களோ மனமுவந்து முன்வருகின்றனர். இருந்தும், நோக்கம் உயர்ந்தது என்பதற்காக எளியவர் நட்டப்படலாகாது என்று நாயகம் அவர்கள் நடந்து காட்டினார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: ஒரு நன்மைக்காக ஒருவர் இடம்விட வேண்டியிருப்பின், அதன் விலையைச் செலுத்துபவர் யார்? அவரிடம் கேட்கப்பட்டதா?

இதனால் கல்விக்கூடங்கள் ஒருபோதும் இடம் பெயரலாகாது என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. வக்ஃபு நிலத்தை விற்பதில் நம் ஷாஃபிஈ மத்ஹபு மிகக் கண்டிப்பானது. ஹனஃபி மத்ஹபு தக்க நிபந்தனைகளோடு மாற்று நிலம் கொள்ள இடமளிக்கின்றது. ஹன்பலி அறிஞர்கள் இன்னும் சிறிது விரிவாக நோக்குகின்றனர். கூஃபா நகரின் பொதுநிதியறையில் திருடர் புகுந்த செய்தி எட்டியபொழுது, பள்ளிவாசலைப் பேரீச்சம்பழ வணிகர்கள் இருந்த இடத்துக்கு மாற்றும்படியும், நிதியறையை அதன் கிப்லாப் பக்கத்தில் அமைக்கும்படியும் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்ட செய்தியை இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தம் முக்னியில் எடுத்துக்காட்டுகின்றார்கள். பள்ளிவாசலையே தேவை கருதி மாற்றினார்கள் என்றால் பல்கலைக்கழகத்தை மாற்றலாகாது என்பதற்கில்லை. மாற்றத்தின் பயன் யாருக்கு, பாரம் யாருக்கு என்பதே ஆராயத்தக்கது.

இனி, கொழும்பின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இக்கேள்வி புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் இது தலைகீழாக எழுந்தது. 1921ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் தொடங்கப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்வது அதன் பணி. தேர்ஸ்டன் வீதியில் அப்பொழுது ரோயல் கல்லூரி இருந்தது. 1923இல் அப்பாடசாலை ரீட் அவெனியூவில் உள்ள இன்றைய கட்டடத்துக்குச் சென்றது; அது விட்டுச் சென்ற கட்டடம் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்தது. அதாவது, அன்று உயர்கல்விக்காக இடம் விட்டது பாடசாலை. வீதிகளின் பெயர்கள் இன்று மாறிவிட்டன. இரண்டு நிறுவனங்களும் அயலிலேயே இருக்கின்றன.

பின்னர், முழுமையான பல்கலைக்கழகம் ஒன்றை எங்கே அமைப்பது என்னும் பெருவாதம் எழுந்தது. 'இடங்களின் போர்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கொழும்பிலேயே இருக்கட்டும் என்றார் ஒரு சாரார். மருத்துவமனை, நீதிமன்றம், நூலகம், தொழில் யாவும் அங்கேதான் உள்ளன. வீட்டிலிருந்தே சென்று கற்கலாம் என்பது அவர்கள் நியாயம். நகரின் ஆரவாரத்தினின்றும் விலகி, மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே தங்கிக் கற்கும் சூழல் வேண்டும் என்றார் மற்றொரு சாரார். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிப் பகுதிக்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர். இறுதியில் கண்டிக்கருகே, மகாவலி கங்கைக் கரையில் உள்ள பேராதனை தெரிவாயிற்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி தோன்றிற்று. ஐவர் ஜென்னிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். யுத்தம் முடிந்து கட்டடங்கள் எழும்பிய பின்னர், 1949 முதல் சில துறைகளும், 1952இல் கலைப் பீடமும் பேராதனைக்குச் சென்றன.

பேராதனையின் அழகை மறுப்பார் இலர். அந்த மலையடிவாரத்தில் கற்றுத் தேர்ந்தோர் நாட்டுக்குச் செய்த பணியும் சிறிதன்று. ஆயினும் பின் நடந்ததையும் நோக்குக. விஞ்ஞானமும் மருத்துவமும் கொழும்பை விட்டுப் போகவில்லை. பெரியாஸ்பத்திரியை விட்டு மருத்துவம் எங்கே போகும்? 1960களில் கலையும் சட்டமும் மீண்டும் கொழும்பில் கற்பிக்கப்படலாயின. 1967இல் கொழும்புப் பகுதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இடையில் சில மாற்றங்கள் கண்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. பெயர்த்துக் கொண்டுபோன மரம், பெயர்த்த இடத்திலேயே வேரிலிருந்து மறுபடியும் துளிர்த்தது. நகருக்கு ஒரு பல்கலைக்கழகம் தேவைப்பட்டது. தேவையை இடம் மாற்ற முடியாது; கட்டடத்தைத்தான் மாற்ற முடியும்.

சிங்கப்பூரிலும் இதையொத்த ஒன்றைக் காண்கிறோம். புக்கித் தீமாவில் இருந்த பல்கலைக்கழகத்தை 1970களின் பிற்பகுதியிலிருந்து கெந்த் ரிஜ் குன்றுப் பகுதிக்குக் கொண்டு சென்றார்கள். நிலப் பஞ்சம் மிகுந்த அத்தீவு பின்னாளில் வேறொரு பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்து, 2005இல் அதனை நகரின் நடுவே பிராஸ் பசாவிலேயே குடியமர்த்தியது. கணக்குப் பார்த்து நடப்பவர்கள் அவர்கள். நகரின் நடுவில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பதில் ஏதோ பயன் கண்டே அவ்வாறு செய்திருப்பர்.

நிற்க. பல்கலைக்கழகம் நகரைவிட்டுப் போனால் விலை செலுத்துபவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். விடுதிக் கட்டணம் செலுத்த வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய இழப்பில்லை. பகலில் கடையில் கணக்கெழுதி, மாலையில் வகுப்புக்குச் செல்லும் இளைஞனே இழப்பான். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே படிக்கும் மகள் இழப்பாள். தூரத்து விடுதிக்கு அனுப்ப மனமின்றி, "படித்தது போதும்" என்று தந்தையர் நிறுத்திவிடும் நம் சமூகத்துப் பெண்மக்கள் இழப்பார்கள். அவ்வாறு நிறுத்துவது சரியா என்பது வேறு கேள்வி. சரியன்று என்பதே நம் துணிபு. ஆயினும் வாயிலுக்கு அருகில் பல்கலைக்கழகம் இருந்ததனாலேயே பட்டம் பெற்ற பெண்களை நாம் அறிவோம். இவர்களுள் ஒருவரிடமும் யாரும் கேட்கப்போவதில்லை. 'இருபது வயதுப் பிள்ளை பஸ் ஏறிப் போகும்' என்று நாம் கூறுகையில், எல்லா இருபது வயதுப் பிள்ளைகளும் ஒன்று போன்றவர்கள் என எண்ணிவிடுகின்றோம்.

இது ஒருபுறமிருக்க, அந்நிலத்தில் பாடசாலை எழும்பினால் பயன் பெறுவோர் யார் என்றும் நோக்க வேண்டும். நம்மை விரைந்து சொன்ன மறுமொழியினின்றும் திருப்பியது இக்கேள்வியே. பாடசாலையின் முதற்சிறப்பு அது பிள்ளையின் வீட்டுக்கு அருகில் இருப்பது. நம் நண்பரும் அதற்காகவன்றோ ஏங்கினார்? பல்கலைக்கழக நிலமோ கறுவாத்தோட்டத்தில் இருக்கின்றது. கொழும்பில் வசதி மிக்கோர் வாழும் பகுதி அது. நாட்டில் பெயர் பெற்ற பாடசாலைகள் பல ஏற்கெனவே அங்கேயும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன. பிள்ளைகள் நெருக்கியடித்து வாழும் இடங்கள் மாளிகாவத்தை, மருதானை, வாழைத்தோட்டம், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு முதலியன. கறுவாத்தோட்டத்தில் இன்னும் நான்கு பாடசாலைகளைக் கட்டினால், 'அருகில் வசிப்போர்' என்னும் விதிப்படி முதலில் உள்ளே போவது அயலில் வீடுள்ளோரின் பிள்ளைகளே. மாளிகாவத்தைக் கோவை மறுபடியும் கீழேதான் கிடக்கும். வாதம் ஏழைப் பிள்ளையின் பெயரால், பயனோ வேறொருவருக்கு.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபொழுது, அங்குள்ள செல்வரிடமிருந்து ஸகாத்தைப் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே திருப்பிக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தேவை எங்கோ, கொடை அங்கே செல்ல வேண்டும் என்னும் நியதி இதிலிருந்து பெறப்படுகின்றது. பாடசாலைக்கு நிலம் தேடுவோர் பிள்ளை இருக்கும் இடத்தில் தேட வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றுண்டு. பேராதனையை எழுப்பிய அதே காலத்தில்தான் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கிராமப் பகுதிகளில் மத்திய பாடசாலைகளை நிறுவினார். 1945இல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. பாடசாலையா, பல்கலைக்கழகமா என்று ஒன்றை மற்றொன்றோடு மோதவிட்டு அவர்கள் கணக்குத் தீர்க்கவில்லை. நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பவுமில்லை. பிள்ளை இருந்த ஊருக்கே பாடசாலையைக் கொண்டு சென்றார்கள்.

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் கூறாமல் விடுவது நேர்மையன்று. நம் நண்பரின் வீட்டுக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் இடையில் பாடசாலைகள் இருப்பதனாலேயே அவருக்குப் புள்ளிகள் கழிந்தன. அப்படியாயின் அருகில் பாடசாலை இல்லாமலில்லை. அருகில் இருப்பதன்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை? வசதியும் செல்வாக்கும் உள்ள பெற்றோர் ஒருவர் பின் ஒருவராகத் தம் பிள்ளைகளை அங்கிருந்து எடுத்துச் சென்றுவிட்டனர். கேட்க ஆளில்லாத இடத்தில் கூரை ஒழுகும். ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படாது. இருக்கும் நல்லாசிரியரும் மாற்றம் வாங்கிப் போவார். எடுத்துச் சென்றவர்களுள் நாமும் ஒருவர். நம் மூத்த மகனை, நம் மஹல்லாவின் பாடசாலையைக் கடந்து, மூன்று பஸ் தரிப்பிடங்களுக்கு அப்பால் உள்ள பெயர்பெற்ற பாடசாலையிலேயே சேர்த்தோம். அன்று அது தந்தையின் கடமை என எண்ணினோம். நாம் விட்டுச் சென்ற பாடசாலையில் எஞ்சிய பிள்ளைகளுக்கு நாம் யார் என்று எண்ணவில்லை. அப்பிழையின் விலையைச் செலுத்தும்படி இன்று பல்கலைக்கழகத்தைக் கேட்பது எவ்வாறு நீதியாகும்?

சரி, பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடமையும் இல்லையா? நிச்சயமாக உண்டு. பிலால் இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கியிருந்த பரந்த நிலத்தில், அவரால் பண்படுத்த இயன்ற பகுதியை மட்டும் அவரிடம் விட்டு, எஞ்சியதைக் கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்களுக்குப் பங்கிட்டார்கள் என்று வரலாறு கூறுகின்றது. கொடுத்தவர் நபி, பெற்றவர் தோழர், எனினும் சும்மா கிடந்த நிலத்துக்கு அந்தச் சிறப்புக்கள் காவலாகவில்லை. பொதுமக்களின் பொருளால் இயங்கும் நிறுவனம் எதுவும் தன்னால் பயன்கொள்ள இயலாத நிலத்தை மதிலெழுப்பிப் பூட்டிவைக்க உரிமையுடையதன்று. அத்தகைய நிலம் உண்டாயின் அதனைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தானமன்று. கடனைத் திருப்பிக் கொடுப்பதேயாம். மாணவர் இல்லாத விடுமுறை நாட்களில் விளையாட்டுத் திடலை அயற்பாடசாலைகளுக்குத் திறந்துவிடலாம். பயிற்சி பெறும் ஆசிரியர்களைக் கைவிடப்பட்ட நகரப் பாடசாலைகளுக்கே முதலில் அனுப்பலாம். இவற்றுள் எதற்கும் ஒரு செங்கல்லையும் பெயர்க்க வேண்டியதில்லை.

பெயர்த்தல் ஒரு வழி. இடங்கொடுத்தல் மற்றொரு வழி. இரண்டாவது வழிக்குக் கொழும்பிலேயே, நம் சமூகத்தின் வரலாற்றிலேயே, ஓர் எடுத்துக்காட்டு இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கை முஸ்லிம்கள் நவீன கல்வியில் மிகவும் பின்தங்கியிருந்தனர். அறிஞர் சித்திலெப்பை அவர்கள் அந்நிலையை மாற்றத் தம் வாழ்நாளையே செலவிட்டார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்திருந்த அஹ்மத் உராபி பாஷா அம்முயற்சிக்குத் தூண்டுதலாக நின்றார். வாப்பிச்சி மரைக்கார் என்னும் கட்டடக் கலைஞர் துணைநின்றார். கறுவாத்தோட்டத்தில் இன்றும் கம்பீரமாக நிற்கும் கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அவர்தாம். ஆயினும் தம் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை என்றபொழுது இவர்கள் நாடியது கறுவாத்தோட்டத்தையன்று. பிள்ளைகள் இருந்த மருதானையில், மருதானைப் பள்ளிவாசலின் நிலத்திலேயே, 1892இல் அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா எழுந்தது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

பள்ளிவாசல் அங்கிருந்து நகரவில்லை. தொழுகை நிற்கவில்லை. தன்னிடமிருந்த இடத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. தானும் அங்கேயே இருந்தது. பாங்கொலியும் பாடசாலை மணியும் ஒரே வளவிலிருந்து கேட்கலாயின. இடத்தை இழந்தவர் எவருமிலர்.

இதில் இன்னொன்றும் உண்டு. உராபி பாஷா இளமையில் சில ஆண்டுகள் அல்அஸ்ஹரில் கற்றவர். 'அஸ்ஹர்' என்னும் சொல்லும் 'ஸாஹிரா' என்னும் சொல்லும் அரபு மொழியில் ஒரே வேரிலிருந்து, ஒளிர்தல், மலர்தல் என்னும் பொருள் தரும் 'ஸஹர' என்னும் வினையிலிருந்து, பிறந்தவை. கெய்ரோ நகரின் நடுவே பத்தாம் நூற்றாண்டில் எழுந்து இன்றுவரை அங்கேயே நிற்கும் உயர்கல்விக் கூடத்தில் கற்ற ஒருவர், கடல் கடந்து வந்து, மருதானைச் சிறுவர்களுக்கான பாடசாலைக்குத் தூண்டுகோலானார். ஊற்றுக்கும் வாய்க்காலுக்கும் உள்ள உறவு இதுவன்றோ? அந்த அஸ்ஹரும் வளர்ந்தபொழுது, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவம், பொறியியல் முதலிய புதிய பீடங்களைப் பெற்று, நஸ்ர் நகரில் புதிய வளவுகளில் விரிந்தது. வளர்ச்சிக்கு வெளியே இடம் தேடிற்று. பழைய பள்ளிவாசலின் தூண்களுக்கிடையே நிகழும் பாடங்களையோ நிறுத்திவிடவில்லை.

ஆகவே நாம் கண்ட முடிபைச் சுருங்கக் கூறுவோம். பாடசாலையின் பெயரால் ஒரு பல்கலைக்கழகத்தைப் பெயர்க்கலாமா என்று கேட்போர் மூன்றை ஆராய்தல் வேண்டும். அந்நிலத்தால் பயன்பெறப் போகும் பிள்ளைகள் உண்மையில் தேவையுள்ள பிள்ளைகள் தாமா? பெயர்ச்சியால் இழப்பவர் யார்? அவர்களிடம் கேட்டு, இழப்புக்கு ஈடு முதலிலேயே கொடுக்கப்பட்டதா? பெயர்க்காமலே இடங்கொடுக்க வழியில்லையா? மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின் பெயர்ப்பதில் குற்றமில்லை. கூஃபாவின் பள்ளிவாசலே நமக்கு முன்மாதிரி. கிடைக்காவிடின், ஒருவரின் கல்வியை எடுத்து மற்றொருவருக்குக் கொடுத்து, நடுவில் நம் அலட்சியத்தை மறைத்துக்கொள்வதாகவே அது முடியும்.

இவற்றையெல்லாம் நம் நண்பரிடம் மறுபடியும் சென்று கூறினோம். முன்னர் சொன்ன மறுமொழி தவறு என்பதையும் ஒப்புக்கொண்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின் மெல்லச் சொன்னார்: "ஹஸரத், நீங்கள் சொல்லும் நியாயம் விளங்குகிறது. ஆனால் என் மகனுக்கு வருகிற தை மாதம் ஆறு வயது. நியாயம் நடக்கும் வரைக்கும் அவன் வளராமல் இருப்பானா?"

நம்மிடம் விடை இல்லை. நியாயத்தை எழுதுவது எளிது. ஒரு பிள்ளையின் ஆண்டு திரும்பி வருவதில்லை. அவர் மகன் இப்பொழுது வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையில் கற்கின்றான். வகுப்பில் பிள்ளைகள் அதிகம். கணக்குக்கு ஆசிரியர் இல்லை. வாரத்தில் இரண்டு நாட்கள் லுஹர் தொழுகைக்கு முன் நாம் அங்கே சென்று தமிழும் இஸ்லாமும் கற்பிக்கின்றோம். பெரிய செயலன்று, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருக்க வேண்டியது. பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் மஹல்லாவின் இளைஞர் இருவர் சனிக்கிழமைகளில் வந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர். மாளிகாவத்தையிலிருந்து கறுவாத்தோட்டத்துக்குப் போய்ப் படித்து, மாலையில் வீடு திரும்புகின்றவர்கள் அவர்கள். பல்கலைக்கழகம் தொலைவில் எங்கோ இருந்திருப்பின் அந்தச் சனிக்கிழமைகள் இப்பிள்ளைகளுக்குக் கிடைத்திரா.

கல்வியின் பொருட்டு எவரையும் எளியவராக்காத அறிவையும், நம் அருகிலிருக்கும் பிள்ளையை முதலில் காணும் கண்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.